ஊட்டியில் எம்.எஸ்சி. இயற்பியல்: ரெக்கார்டும் ப்ராஜெக்ட்டும்

4 செமஸ்டர், ஏறக்குறைய 90 கிரெடிட், 75 சதவீத வருகை, தேர்ச்சிக்கு 50 மதிப்பெண். இதெல்லாம் கோவையில் படிப்பவருக்கும் பொதுவானதுதான். குவாண்டம் மெக்கானிக்ஸில் அரியர் விழுந்தாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம். மலையில் படிப்பவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது ஆய்வகத்தில்.

சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதவே எழுதாதீர்கள். அந்த எண்கள் பலவும் சமவெளிக்கு உரியவை. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிநீரை 100 என்று வைத்து தெர்மோகப்பிளை (இரு உலோகக் கம்பிகளால் ஆன வெப்பநிலை உணரி) அளவுதிருத்தினால் வரைபடம் முழுக்கப் பிழை. திரவத்தில் ஒலியின் வேகத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் இன்டர்ஃபெரோமீட்டரில் தண்ணீருக்கு வினாடிக்கு 1,497 மீட்டர் என்பது 25 டிகிரிக்கான மதிப்பு. 15 டிகிரியில் 1,466 வந்தால் அதுதான் சரி. பக்கத்திலேயே வெப்பநிலையை எழுதிவிடுங்கள், வைவாவில் கேள்வியே வராது. கதிர்வீச்சை எண்ணும் ஜிஎம் (கைகர்-முல்லர்) கவுன்ட்டரில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரால் பின்னணி எண்ணிக்கை இங்கே கூடுதல். 400 எண்ணினால் பிழை 5 சதவீதம், 10,000 எண்ணினால் 1 சதவீதம். அவசரப்படாமல் எண்ணுங்கள்.

நான்காம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்குப் பலர் எடுப்பது மெதுவாக ஆவியாக்கிப் படிகம் வளர்த்தல். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில்தான் வேலை தொடங்கும். சிக்கலும் அங்கேயே. 20 டிகிரியில் 100 மி.லி. நீரில் சுமார் 22 கிராம் கேடிபி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற உப்பு) கரையும். குளிர்ந்தால் கரைதிறன் குறையும். திறந்த மேசையில் வைத்த பீக்கரில் இரவில் அடியில் பொடிப்பொடியாகப் படிகம் இறங்கும், பகல் வெயிலில் வளர்ச்சிக்காக முதலில் போடும் சிறு விதைப்படிகமே கரையும். கரைசலில் கலக்கும் சேர்பொருளை மாற்றிப் பயனில்லை, வெப்பநிலை நிலையாக இருக்க வேண்டும். 35 டிகிரியில் தெவிட்டிய கரைசல் தயாரித்து, நான்கைந்து மணி நேரம் கலக்கி, வடிதாளில் வடிகட்டி, ஓட்டையிட்ட பாலிதீன் தாளால் மூடி, அதே 35 டிகிரியில் தெர்மோஸ்டாட் தொட்டியில் வையுங்கள். தொட்டிக்கு யுபிஎஸ் அவசியம். ஓர் இரவு மின்சாரம் போனால் மூன்று வார வளர்ச்சி போச்சு.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விலகல்), யுவி (புற ஊதா ஒளி) சோதனைகளுக்குக் கோவைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் பிப்ரவரிக்குள் அனுப்பிவிடுங்கள், மார்ச்சில் அங்கே வரிசை நீளும். படிகத்தைச் சிலிகா ஜெல்லோடு மூடிய குப்பியில் போடுங்கள். பனிமூட்டத்தில் விட்டால் மேற்பரப்பு மங்கிவிடும். ஒரே தொட்டியில் இரண்டு பீக்கர் வையுங்கள், ஒன்றில் விரிசல் விழுந்தாலும் ஆய்வேட்டுக்கு மற்றொன்று இருக்கும்.