குறிஞ்சி காட்டுறேன்னு சொல்ற ஜீப்பில் ஏறும் முன்னால்

மூணாறில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே "சார், குறிஞ்சி பூத்திருக்கு, வாங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். போனால் சாலையோரச் சரிவில் நாலு ஊதாப் புதர். குறிஞ்சி இனம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி வகைகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. சில ஆண்டுதோறும் பூக்கும். அதைப் பார்க்க ஒரு நாள் ஜீப் வாடகை அநியாயம்.

டிரைவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இந்தச் சரிவு இதுக்கு முன்னாடி எந்த வருஷம் பூத்தது?" பன்னிரண்டு வருடக் கணக்கு மலைக்கு மலை தனி. மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவிலும் கொடைக்கானல் பக்கமும் 1994, 2006, 2018 என்று பூத்தது, அடுத்தது 2030. சாந்தன்பாறைக்குப் பக்கத்துக் கள்ளிப்பாறையோ 2022இல் பூத்தது, அங்கே 2034 வரை காத்திருக்க வேண்டும். 'போன வருஷமும் இங்கேதான் பூத்தது' என்று பதில் வந்தால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

செடியைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். நீலக்குறிஞ்சி மர நிழலில் ஒண்டி நிற்காது. சோலைக்காட்டை ஒட்டிய திறந்த புல்வெளியில், 1300 முதல் 2400 மீட்டர் உயரத்தில், ஒரே வயதுச் செடிகள் நெருக்கியடித்து நிற்கும். உயரம் பெரும்பாலும் முழங்கால் அளவுதான், 30 முதல் 60 செ.மீ.; மண்ணும் ஈரமும் வாய்த்த இடத்தில் 180 செ.மீ. வரை போகும். இலைகள் எதிரெதிர் ஜோடியாக, விளிம்பில் பல் வெட்டோடு, கொஞ்சம் தடிப்பாக இருக்கும். பூ மணி வடிவம், ஐந்து மடல். புதுப் பூ வெளிர் நீலம். வயதாக ஆக ஊதா ஏறும். அதனால் ஒரே கதிரில் இரண்டு நிறம் தெரியும். குனிந்து பூவுக்குள் பாருங்கள்: சூல்தண்டை (பூ நடுவில் நீளும் பெண் உறுப்பின் தண்டு) இரண்டு வரிசை மயிர் பிடித்து வைத்திருக்கும். இது குறிஞ்சிப் பேரினத்துக்கே உரிய அடையாளம், ஆகவே இதை மட்டும் வைத்து நீலக்குறிஞ்சி என்று முடிவுகட்டக் கூடாது. போனில் எடுத்தால் நீலம் ஊதாவாகவே விழும். வொயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பூத்துக் காய்த்ததும் செடி செத்துவிடும். கிழங்கு, வேர்த்துளிர் எதுவும் மிஞ்சாது. உதிரும் விதைதான் அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கான மூலதனம். எல்லாம் ஒரே நேரத்தில் காய்ப்பதால் விதை தின்னும் பூச்சியும் பறவையும் தின்று தீர்க்க முடியாமல் மிச்சம் விழுகிறது என்பது ஒரு விளக்கம். இது தெரிந்தும் செல்ஃபிக்காகக் கொத்துக் கொத்தாகப் பிடுங்குகிறவர்களை என்னவென்று சொல்வது? 2024இல் இதை அழியும் ஆபத்துள்ள இனமாக, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.னின் சிவப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். யூகலிப்டஸ், சீகை (வாட்டில்) மரம், தேயிலைத் தோட்டம், தீ எல்லாமே புல்வெளியைத் தின்கின்றன. வட்டவடைப் பக்கம் 32 சதுர கி.மீ. குறிஞ்சிமலை சரணாலயம் 2006இல் அறிவிக்கப்பட்டது இதற்காகத்தான்.

போகும் வருடம் சரியாக அமைந்தால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் உச்சம். அது மழைக்காலமும்கூட. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து பாதை துண்டானதால் பலர் புக்கிங் பணத்தோடு பூவையும் இழந்தார்கள். கேன்சல் செய்ய வழியுள்ள அறையாகப் பாருங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. காலையிலேயே ஏறிவிடுங்கள், மதியம் பனிமூட்டம் மூடிவிடும். அட்டைக்கு நீள சாக்ஸ், ஒரு பொட்டலம் உப்பு.

செலவைக் குறைக்க இன்னொன்று. தேனிப் பக்கமிருந்து கள்ளிப்பாறைக்கு மூணாறு போகவே வேண்டாம். போடிமெட்டு ஏறி, பூப்பாறையில் திரும்பினால் சாந்தன்பாறை. இரவிகுளத்துக்கும் ஜீப் தேவையில்லை. நுழைவாயிலிலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் ராஜமலைக்கு வனத்துறை வண்டிதான் போகும், தனியார் வண்டியை விட மாட்டார்கள். 'உள்ளே வரைக்கும் கொண்டு விடுறேன்' என்று யாராவது ரேட் பேசினால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.