இருபது கேள்விகளும் ஒரு காலிக் கூடும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், பவுடர் ஆற்றுப் படுகையில், மத்திய அரசுக்குச் சொந்தமான ஒரு நிலம். அடியில் நிலக்கரி, மேலே சேஜ் புதரும் புல்லும். அதைச் சுரங்கத்துக்குக் குத்தகை விடலாமா என்று பார்க்கும் மதிப்பீட்டில் இரண்டு வசந்தகாலம் வேலை செய்தேன். காட்டுயிர்க் கணக்கெடுப்பும் வரைபடமும் என் பொறுப்பு. முடிவு சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் முடிவு சொல்பவரின் மேசைக்குப் போகும் வரைபடத்தில் கோடு போட்டது நான்தான்.

திறந்தவெளிச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்த 1977-இல் ஒரு சட்டம் வந்தது. எந்த அரசு நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஏற்றதல்ல என்பதைச் சலித்தெடுக்க அதையொட்டி 20 அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. தேசியப் பூங்காவுக்குள் வருகிறதா? பொதுச் சாலையின் எல்லையிலிருந்து 100 அடிக்குள் இருக்கிறதா? ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 300 அடிக்குள்ளா? இந்த வகைக் கேள்விகளுக்கு ஒரு வரைபடத்தின் மேல் இன்னொன்றை வைத்தால் பதில் வந்துவிடும். இரண்டு நாளில் முடித்தேன். ஒன்பதிலிருந்து பதினைந்துவரை உள்ளவைதான் பறவை, விலங்கு, மீன், செடி பற்றியவை. இரண்டு வசந்தமும் அவற்றுக்கே போயின.

இந்த இருபது கேள்விகளும், குத்தகைக்கு முன் நிலத்தைச் சலிக்கும் நான்கு சல்லடைகளில் இரண்டாவது மட்டும். வெட்டியெடுக்கத் தகுந்த கரி இருக்கிறதா என்பது முதலாவது. மற்றப் பயன்பாடுகளோடு மோதுகிறதா என்பது மூன்றாவது. நான்காவது, நிலத்தின் மேற்பரப்பு யாருடையதோ அவரிடம் கேட்பது. அந்தப் பக்கத்தில் புல் பண்ணைக்காரருக்கும் கரி அரசுக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். நாங்கள் போகும் வழியும் ஒரு பண்ணைக்குள்ளேதான் சென்றது. உரிமையாளர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: திறந்திருக்கும் கேட்டைத் திறந்தபடி விடுங்கள், மூடியிருப்பதை மூடிவிட்டுப் போங்கள். நான் பார்த்த விதிகளிலேயே தெளிவானது அதுதான்.

ஏப்ரலில் பொன்னிறக் கழுகின் கூடு ஒன்றைத் தேடிப் போனேன். பழைய பட்டியலில் அதன் இடம் எண்களாகப் பதிவாகியிருந்தது. கருவி காட்டிய இடத்தில் நின்றால், எதிரே மாடுகளுக்குத் தண்ணீர் தேக்கிய குட்டை. மரமும் இல்லை, பாறையும் இல்லை. அரை நாள் சுற்றினேன். கூடு அழிந்துவிட்டது என்று எழுதிவிட்டுக் கிளம்பும் நிலைக்கு வந்தபிறகுதான் உறைத்தது. பூமியில் ஓர் இடத்தை எண்களால் குறிக்க வெவ்வேறு அளவை முறைகள் உண்டு. பட்டியலின் எண்கள் 1927-இன் முறையில் இருந்தன, என் கருவியோ 1983-இன் முறையில். இரண்டுக்கும் வடக்கு தெற்காகச் சுமார் 200 மீட்டர் வித்தியாசம். வடக்கே நடந்தேன். ஓடைக்கரையில் ஒரு காட்டன்வுட் மரம். அதன் கவட்டையில் ஆள் உட்காரும் அளவுக்குச் சுள்ளிக் குவியல்.

கூடு காலி. புதிதாகக் கொண்டுவந்து செருகிய பச்சைக் கொப்பு இல்லை, கீழே புது எச்சம் இல்லை. நோட்டில் ‘காலி’ என்று எழுதினேன். அப்படியானால் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமே என்றார் எங்கள் குழுவின் மேலாளர். விதியில் இருக்கும் சொல் ‘செயல்படும் கூடு’ என்பது அவருடைய வாதம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பொன்னிறக் கழுகு இணை ஒரே கூட்டை நம்பி வாழ்வதில்லை. தன் எல்லைக்குள் பல கூடுகள் வைத்திருக்கும், ஆண்டுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளும். ஒரு மைலுக்கு அப்பால், மணற்பாறை விளிம்பில், இன்னொரு கூட்டில் ஒரு கழுகு அடைகாத்துக்கொண்டிருந்தது. தொலைநோக்கியில் அதன் தலையும் பிடரிப் பழுப்பும் மட்டும் தெரிந்தன. ‘காலி, கைவிடப்பட்டதல்ல’ என்று திருத்தி எழுதினேன். அடுத்த வசந்தத்தில் காட்டன்வுட் கூட்டின் விளிம்பில் பச்சைக் கொப்பு இருந்தது.

கூட்டைச் சுற்றி எவ்வளவு நிலத்தை விலக்குவது? விதியில் தூரம் இல்லை. இரையின் வாழிடத்தையும் நில அமைப்பையும் பார்த்து, அமெரிக்க மீன்-காட்டுயிர்ச் சேவைத் துறையோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். ஆகவே வட்டம் போட முடியாது. மேற்கே மேடு மறைத்தது, கோடு உள்ளே ஒடுங்கியது. கிழக்கே முயல்கள் திரியும் சரிவு, கோடு நீண்டது. கத்தரிக்காய் போல ஓர் உருவம் வந்தது. பிறகு நில ஆவணத்துக்காக அதை 40 ஏக்கர் சதுரங்களாக மாற்றியதும் படிக்கட்டு வடிவாகிவிட்டது.

சேஜ் கிரவுஸ் என்ற கோழி போன்ற பறவையின் சேவல்கள், பெட்டைகளைக் கவர ஓரிடத்தில் கூடி ஆடும். அந்த ஆடுகளத்தில் அவற்றையும் எண்ணினோம். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பே வண்டிக்குள் அசையாமல் உட்கார வேண்டும். சேவல்கள் மார்பை உப்பி ‘புளக்’ என்று ஒலியெழுப்பும். ஒரு நாள் எண்ணியது போதாது. காற்றடித்தால் அந்தக் காலையை விட்டுவிட வேண்டும்.

‘ஏற்றதல்ல’ என்று குறித்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். உண்மையான பேச்சு அதற்குப் பிறகுதான். ஏறக்குறைய ஒவ்வொரு அளவுகோலுக்கும் கீழே விலக்குகள் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் கழுகுக்குத் தொந்தரவு வராதபடி நிபந்தனை போட்டுக் குத்தகை கொடுக்கலாம். சேவைத் துறை இசைந்தால் பொன்னிறக் கழுகின் கூட்டையே இடம் மாற்றலாம். வெண்தலைக் கழுகுக்கு அந்த விலக்கு இல்லை. முதல்முறை படித்தபோது பக்கத்தைத் திருப்பி, சரியாகத்தான் படித்தேனா என்று மறுபடி பார்த்தேன். எங்கள் நிலத்துண்டில் கூட்டை யாரும் தொடவில்லை. ஓடைப்பக்கச் சதுரங்கள் சில குத்தகையிலிருந்து வெளியே போயின, மீதிக்குப் பருவகாலத் தடை வந்தது. பாறைக் கூடு மட்டுமே கணக்கில் இருந்திருந்தால் ஓடைப்பக்கம் உள்ளேதான் இருந்திருக்கும்.

இப்போது என் படிவத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. கூட்டின் எண்ணுக்குப் பக்கத்தில், 1927-ஆ, 1983-ஆ. அது நிரம்பாமல் எந்தப் பட்டியலையும் களத்துக்கு எடுத்துப் போவதில்லை.