கார்சன் சிட்டி பொற்காசுகள்: இரண்டு வருடம், இரண்டு காசு

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக் கார்சன் சிட்டி அக்கசாலையில் அடித்த பொற்காசுகளைத் தேட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை சேர்ந்தது இரண்டே காசு.

1859-இல் பக்கத்து மலையில் கம்ஸ்டாக் சுரங்கம் பெயரெடுத்தது. அங்கே வெட்டிய வெள்ளியையும் தங்கத்தையும் அருகிலேயே காசாக்க 1870-இல் வேலையைத் தொடங்கிய அக்கசாலை இது. 1893-உடன் காசடிப்பது நின்றது. தங்கத்தில் 5, 10, 20 டாலர். மதிப்பு, வருடம் இரண்டையும் வைத்துத் தனித்தனியாக எண்ணினால் 57 வகைக் காசு. ஐம்பத்தேழையும் சேர்ப்பதுதான் முதல் ஆசை. 1870-ஆம் வருட 20 டாலர் அடித்ததே 3,789 தான் என்று தெரிந்ததும் மூன்று மதிப்பிலும் ஒவ்வொன்று போதும் என்று முடிவு செய்தேன்.

முதலில் வாங்கியது 1891-ஆம் வருட 5 டாலர். 2,08,000 அடித்ததால் இந்த வரிசையிலேயே எளிதாகக் கிடைப்பது. பளபளப்பைப் பார்த்து உடனே பணம் கொடுத்துவிட்டேன். விட்டம் 21.6 மி.மீ., எடையும் சரி. பின்பக்கக் கழுகுக்குக் கீழே கார்சன் சிட்டியின் அடையாளமான இரண்டு 'சி'. பிலடெல்பியா காசில் அந்த இடம் வெறுமையாக இருக்கும் என்பதால் அங்கே எழுத்தை ஒட்டி விற்பவர்கள் உண்டு. எழுத்தின் அடியில் ஒட்டுக்கோடு இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்தேன், இல்லை. காசை விளக்கடியில் சாய்த்தபோதுதான் முன்பக்கத்து லிபர்ட்டி என்ற சுதந்திர தேவியின் கன்னத்தில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தன. தரச்சான்றுக்கு அனுப்பினேன். அசல்தான், ஆனால் யாரோ தேய்த்துத் துலக்கியது என்று திரும்பி வந்தது. துலக்கிய காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு குறைவு என்பதால் அன்று மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

அதன் பிறகு பளபளப்பைத் தேடுவதில்லை. அந்தக் காலத்தில் மேற்குப் பகுதி மக்கள் காகிதப் பணத்தை நம்பாமல் தங்கத்தையே கைமாற்றினார்கள். அதனால் 1870-களின் காசு புதுக்கருக்கு மாறாமல் கிடைப்பது மிக அபூர்வம். தேய்மானம் அந்தக் காசு புழங்கியதற்குச் சாட்சி. இரண்டாவதாக வாங்கிய 1891-ஆம் வருட 10 டாலர் அப்படிப்பட்டது: கழுகின் இறகு நுனிகள் மழுங்கியிருக்கின்றன, பள்ளங்களில் பழுப்பேறியிருக்கிறது, துலக்கிய தடமே இல்லை. எனக்கு இதுதான் உசத்தி.

பாக்கி 20 டாலர். அதில் சுத்தத் தங்கமே சுமார் 30 கிராம், ஆகவே தங்கம் ஏறினால் அதுவும் ஏறும். 1890-ஆம் வருடத்தது, 91,209 அடித்தது, ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். இந்த முறை விளக்கடியில் சாய்த்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவேன்.