கருவாட்டுத் தராசில் அப்பா

அப்பா ரத்த வாந்தி எடுத்தது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய முதல் வாரத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பாம்பனில் படகுகளும் ஆண்களும் கரையிலேயே இருக்கும் நாட்கள் அவை. எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதமும் குடி கூடிவிடும்.

அதற்கு முன்பே உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கால் வீங்கியது. வயிறு பெருத்துக் கைலி இடுப்பில் நிற்கவில்லை. கண்ணில் மஞ்சள் தெரிந்தது. "உப்புத் தண்ணியில நிக்கிற கால் வீங்கத்தானே செய்யும்" என்றார்கள். மஞ்சள் காமாலை என்று ஒன்றரை மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். விடிகாலையில் அரைத்துக் கொடுத்தது நான்தான். மஞ்சள் என்பது ஓர் அடையாளம் மட்டும்தான், எதனால் வந்தது என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்தால்தான் தெரியும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஒன்றரை மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

108 வண்டி பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேரும் வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியில் "குடிப்பாரா?" என்று கேட்டதற்கு மட்டும், "எப்பவாச்சும்" என்றார். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். ஆஸ்பத்திரிக்குள் நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான்.

இரண்டாம் நாள் இரவு அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் இரவு குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "மடியை இழுங்கடா, வலை விசிறியில மாட்டிக்கிச்சு" என்று கடலில் படகில் நிற்பதுபோலக் கத்தினார். கட்டில் கம்பியைக் கயிறாக நினைத்து இழுத்தார். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, "ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்றார். புத்தி பேதலித்தவர்களை அங்கே கூட்டிப் போவது வழக்கம். பாசத்தோடுதான் சொன்னார்.

ஓடி வந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உண்மையைச் சொல்லுங்க, எவ்வளவு குடிப்பாரு?" அப்போதுதான் அம்மா சொன்னார்: தினம் இரண்டு குவார்ட்டர், இருபது வருஷமாக. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் அதில் சுத்தமான சாராயம் மட்டும் ஏறத்தாழ 60 கிராம். அப்பா உடம்புக்குள் தினம் 120 கிராம் போயிருக்கிறது.

அத்தனை வருஷம் பழகிய மூளை, சாராயம் திடீரென்று நின்றால் தறிகெட்டுப் போகும் என்று டாக்டர் விளக்கினார். நடுக்கம் முதல் நாளிலேயே தொடங்கலாம். வலிப்பும் வரலாம். பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் அமைதிப்படுத்தும் மருந்தும் முன்கூட்டியே தொடங்கியிருப்பார்கள்.

அதைக் கேட்டபோதுதான் பழைய விஷயம் ஒன்று புரிந்தது. அப்பா அதற்கு முன் இரண்டு முறை கோயிலில் கயிறு கட்டிக் குடியை நிறுத்தியிருக்கிறார். இரண்டு முறையும் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது தடவை வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளியதைப் பார்த்துப் பயந்து, அம்மாவே கடைக்கு ஆள் அனுப்பிக் குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தார். 'வைராக்கியம் இல்லாத மனுஷன்' என்று பல வருஷம் அப்பாவை வெறுத்தேன். தினமும் குடிக்கிற ஒருவரை வீட்டில் அடைத்து வைத்து ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போய், அளவை மறைக்காமல் சொல்லி நிறுத்துங்கள்.

ரத்த வாந்திக்கான காரணத்தை டாக்டர் கண்மாயை வைத்தே சொன்னார். கல்லீரல் இறுகிப்போனால் தண்ணீர் வெளியேறும் கலுங்கு அடைத்த கண்மாய் மாதிரி. உள்ளே வரும் ரத்தத்துக்கு வழி கிடைக்காது, பலவீனமான கரையைத் தேடும். உணவுக்குழாயில் இருக்கும் ரத்தக் குழாய்கள் புடைத்து, ஒரு நாள் உடையும். மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் விட்டு அந்த ரத்தக் குழாய்களுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். சில வார இடைவெளியில் மூன்று தடவை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் சமாளித்தோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு போய் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இ-சேவை மையத்தில்தான் வேலை பார்க்கிறேன். ஆள் கட்டிலில் கிடக்கும்போது சான்றுக்கு அலைகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான பாடு. அம்மாவின் தொழிலே கருவாடு. முற்றத்தில் உப்புச் சாக்கு, திண்ணையில் நெத்திலிக் கருவாடு. அப்பாவுக்கு ஒரு நாள் முழுவதற்கும் உப்பு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் கூடாது. கூடினால் வயிற்றில் மறுபடி நீர் கட்டும். முதல் வாரம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். கருவாட்டுக் குழம்பு வாசம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் கண் கலங்கிவிடும். அம்மா விடவில்லை. பச்சை மீனைப் புளி, மிளகு, சீரகம் தூக்கலாகப் போட்டு வைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். அப்பளம், ஊறுகாய் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. "மீன் ஆகாது, கஞ்சி மட்டும் குடுங்க" என்று ஊரே சொன்னது. டாக்டர் நேர்மாறாகச் சொன்னார்: சதை கரைந்து போயிருக்கிறது, மீன், முட்டை, பருப்பு கட்டாயம் வேண்டும், ராத்திரி படுக்கும் முன்னும் ஏதாவது சாப்பிட வேண்டும்.

இரண்டாவது மாதம் நடந்ததை எழுதவே கை தயங்குகிறது. ஒரு சாயங்காலம் அப்பா சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இறந்துபோன அத்தை பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நாக்கு குழறியது. தெருவில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "வாயை ஊதுங்கப்பா" என்றேன். ஊதினார். சாராய வாடை துளியும் இல்லை. ஆனாலும் நான் நம்பவில்லை, கட்டிலுக்கு அடியில் பாட்டில் தேடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். அப்பாவின் கைகள் நிற்கவில்லை. வலையிலிருந்து உதறிப்போட்ட மீனின் வால் மாதிரி விட்டுவிட்டு அடித்தன. இரண்டு நாளாக மலம் போகாததுதான் காரணம். கல்லீரல் வடிகட்ட வேண்டிய நச்சு மூளைக்கு ஏறிவிட்டது. லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்தை, தினம் இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகிற அளவுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அலட்சியம் கூடாது. கல்லீரல் நோயாளி உளறினால் குடித்துவிட்டார் என்று முடிவுகட்டாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அன்றைக்குப் பாட்டில் தேடியதற்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு தாயி" என்றார்.

எங்கள் கரைக்காரர்களுக்கு இன்னொன்று. இப்படிக் கல்லீரல் கெட்டவர்கள் காலில் புண்ணோடு கடலில் இறங்கக் கூடாது. சிப்பி, மட்டியை அரைவேக்காட்டில் தின்னக் கூடாது. கடல் தண்ணீரில் இருக்கும் ஒரு கிருமி அவர்களுக்கு ரத்தத்தில் பரவி உயிரையே பறிக்கும். மூட்டுவலி, இடுப்புவலி என்று மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை போடுவதும் ஆகாது.

அப்பா குடியை விட்டு இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. கல்லீரல் பழையபடி ஆகாது, ஆனால் மேலும் கெடாமல் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புற்றுநோய் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்கிறோம். படகு முதலாளியான சம்மாட்டி கூப்பிட்டும், கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போகவில்லை. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார்.

காலையில் எழுந்ததும் கருவாட்டு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார். ஓரிரு நாளில் எடை திடீரென்று கூடினால் நீர் கட்டுகிறது என்று அர்த்தம். அம்மா எண்ணைப் பார்த்துக் கருவாட்டுக் கணக்கு நோட்டிலேயே எழுதி வைப்பார். நேற்று 53.800. இன்றைக்கும் அதே.