பள்ளி மூடியிருந்த ஆண்டில் ஆசிரியர் நியமனம்

2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்றாக அறிவித்த சில நாட்களில் எங்கள் பள்ளி மூடப்பட்டது. அடுத்த கல்வியாண்டுக்கு நான்கு ஆசிரியர்களையும் ஓர் அலுவலக உதவியாளரையும் நியமிக்க வேண்டிய பொறுப்பு, தலைமையாசிரியராகிய என்னிடம் இருந்தது. பள்ளி எப்போது திறக்கும், எத்தனை பிள்ளைகள் திரும்புவார்கள் என்று தெரியாத நிலையில், விளம்பரம் எழுதும் முன்பே நிர்வாகக் குழுவுடன் அமர்ந்து, எதற்கு உறுதி தர முடியும், எதற்கு முடியாது என்று பிரித்துக்கொண்டேன். ஓராண்டு ஊதியத்துக்கு உறுதி உண்டு. அதற்குப் பின் இல்லை. நேர்காணலுக்கு வந்த அனைவரிடமும் இதை முதலிலேயே சொன்னேன். திறமையான அறிவியல் ஆசிரியர் ஒருவர் அதனாலேயே விலகிக்கொண்டார். இழப்புதான்; ஆனால் மறைத்துச் சேர்த்திருந்தால் அவருக்கு அநீதி செய்திருப்பேன்.

நேர்காணல்கள் காணொளியில் நடந்தன. கணிதத்துக்கு விண்ணப்பித்த ஒருவரின் இணைப்பு மூன்று முறை அறுந்ததால், மாதிரி வகுப்பை விட்டுவிட்டுத் தொலைபேசியில் ஒரே கேள்வி கேட்டோம்: 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்? "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்பேன்" என்றார். அவரையே தேர்ந்தெடுத்தோம்.

நியமனக் கடிதம் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தது என் தவறு. மூன்றாவது வாரத்தில் அவரே விலக விரும்புவதாக எழுதினார். நள்ளிரவு வரை பாடங்களைப் பதிவு செய்துகொண்டிருந்த அவருக்கு, ஒரு சந்தேகம் கேட்கக்கூட ஆள் இல்லை. புதியவர்கள் பாதித் தொழிலை ஆசிரியர் அறையில்தான் கற்கிறார்கள்; அந்த அறை பூட்டியிருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. உடனே புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த ஆசிரியரைத் துணையாக்கி, அந்த மூத்தவருக்கு வாரம் இரண்டு பாடவேளைகளைக் குறைத்தேன். நேரம் ஒதுக்காமல் வழிகாட்டச் சொல்வது பெயருக்குச் செய்வதாகவே முடியும். அவர்கள் பேசுவது எதுவும் என்னிடம் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அவர் விலகவில்லை.

அலுவலக உதவியாளரைப் பற்றி இன்னும் தாமதமாகவே யோசித்தேன். கட்டணம் குறித்த பெற்றோரின் கோபமெல்லாம் தொலைபேசி வழியாக அவர் மீதே விழுந்துகொண்டிருந்தது. அந்த அழைப்புகளை என் எண்ணுக்கு மாற்றினேன்.

ஆண்டு முடிவில் மாணவர் எண்ணிக்கை குறைந்ததால், நால்வரில் ஒருவருக்குப் பணியை நீட்டிக்க இயலவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்பே அவரை நேரில் அழைத்துச் சொல்லி, பரிந்துரைக் கடிதத்தையும் அன்றே கையில் கொடுத்தேன்.