ஆட்டோகைடிங் சரியாக வரவில்லையா? அக்ரெஷனைத் தொடாதீர்கள்

வானத்தைப் படமெடுக்கும்போது ஒரு நட்சத்திரத்தைத் துணைக் கேமராவால் கவனித்து, தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டுக்குத் திருத்தம் அனுப்புவதுதான் ஆட்டோகைடிங். படத்தில் நட்சத்திரங்கள் முட்டை வடிவில் வந்ததும் பெரும்பாலோர் கை வைப்பது கைடிங் மென்பொருளான பிஎச்டி2-வின் அக்ரெஷன் அளவில்தான், அதாவது பிழையில் எத்தனை சதவீதத்தைத் திருத்துவது என்ற எண்ணில்தான். 70-ஐ 90 ஆக்குவது, பிறகு 50 ஆக்குவது, எக்ஸ்போஷரை மாற்றுவது என்று நல்ல வானம் வீணாகிவிடும். கைடிங் திருத்தம் எதுவும் போகாதபோது மவுண்ட் எப்படி ஓடுகிறது என்று பார்த்த பிறகே எந்த எண்ணையும் மாற்ற வேண்டும். பிஎச்டி2-வில் உள்ள கைடிங் அசிஸ்டென்ட் இதற்காகத்தான் இருக்கிறது. அது ஓடும்போது திருத்தங்கள் தானாக நின்றுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: 360 மி.மீ. குவியத் தூரமுள்ள சிறு ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), எச்இக்யூ5 மவுண்ட், 120 மி.மீ. குவியத் தூர கைடு ஸ்கோப், 3.75 மைக்ரான் பிக்சல் உள்ள கைடு கேமரா. 206.265-ஐ 3.75-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால், கைடு கேமராவில் ஒரு பிக்சலுக்கு 6.4 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்). பிரதான கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான் என்றால் அங்கே 2.15. ஆகவே மொத்த ஆர்எம்எஸ் (சராசரி கைடிங் பிழை) 1 ஆர்க்செகண்டுக்குப் பக்கத்தில் இருந்தாலே போதும். கைடிங் மென்பொருளில் 120-க்குப் பதில் 360 என்று பிரதான தொலைநோக்கியின் குவியத் தூரத்தைக் கொடுத்துவிட்டால், 1.5 ஆர்க்செகண்ட் பிழை 0.5 என்று காட்டும். எண் அழகாக இருக்கும், படம் கெட்டிருக்கும். முதலில் இதைச் சரிபாருங்கள்.

கைடிங் அசிஸ்டென்டைக் குறைந்தது 11 நிமிடமாவது ஓட விடுங்கள். எச்இக்யூ5-ன் வார்ம் கியர் (அச்சைச் சுழற்றும் திருகு) ஒரு சுற்றுக்கு 638 விநாடி எடுக்கும். அது முழுதாகத் தெரிய வேண்டும். வரைபடத்தின் நீலக் கோட்டில், அதாவது வானத்தோடு கிழக்கிலிருந்து மேற்காகச் சுழலும் ஆர்ஏ அச்சில், மெதுவான பெரிய அலை வந்தால் அது வார்மின் வேலை. கைடிங் அதை எளிதில் சமாளிக்கும். அதன் மேல் 122 விநாடிக்கு ஒருமுறை இன்னொரு அலை தெரிந்தால், அது மோட்டாருக்கும் வார்முக்கும் நடுவிலுள்ள பற்சக்கரங்களால் வருவது. பெல்ட் மாற்றினால் போய்விடும். ஒழுங்கே இல்லாமல் ஒவ்வொரு விநாடியும் துள்ளினால் அது காற்றுமண்டலக் கலக்கம். அதைத் துரத்தாமல் எக்ஸ்போஷரை 1 விநாடியிலிருந்து 2 அல்லது 3 விநாடிக்குக் கொண்டுபோங்கள். ஆர்ஏ-வில் கிழக்குப் பக்கம் சற்றுக் கனமாக இருக்கட்டும். பற்கள் எப்போதும் ஒரே பக்கம் அழுந்தியிருக்கும்.

உண்மையான தொல்லை சிவப்புக் கோடுதான். டெக், அதாவது வடக்கு-தெற்கு அச்சு, ஒரு பக்கமாக விலகுகிறது. நான்கைந்து திருத்தம் போயும் அசையவில்லை. திடீரென்று மறுபக்கம் தாவுகிறது. அங்கிருந்தும் திரும்ப மறுக்கிறது. இது பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவிலுள்ள தளர்வு. அக்ரெஷனை ஏற்றினால் தாவல்தான் பெரிதாகும். சரியான வைத்தியம், வார்மை நகர்த்தும் எதிரெதிர் ஸ்க்ரூக்களில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை முடுக்குவது. ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் மோட்டாரால் அச்சை முழுச் சுற்று சுற்றவிட்டு, சத்தம் கனக்கும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் மோட்டார் முனகி நின்றுவிடும். அன்றிரவே படம் எடுத்தாக வேண்டும் என்றால், டெக் கைடு மோடை நார்த் என்று மட்டும் வையுங்கள். கோடு விலகிக்கொண்டே போனால் சவுத்துக்கு மாற்றுங்கள். டித்தரிங்கையும் (படத்துக்குப் படம் தொலைநோக்கியைச் சிறிது நகர்த்துவது) ஆர்ஏ-வில் மட்டும் வைக்க வேண்டும். வேறு இடத்துக்குத் திரும்பினால் மறுபடி சோதியுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எடுப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக நிறுத்த உதவும் துருவ நட்சத்திரம் கன்னியாகுமரியில் 8 டிகிரி, சென்னையில் 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. தென்னையும் பக்கத்து மாடியும் மறைத்துவிடும். மறைக்காவிட்டாலும் 10 டிகிரி உயரத்தில் ஒளிவிலகல் துருவத்தை 5 ஆர்க்மினிட் போலத் தூக்கிக் காட்டும். அந்தப் பிழையால் டெக் நிமிடத்துக்கு அதிகபட்சம் 1.3 ஆர்க்செகண்ட் நகரும். கைடிங் அதைத் தாங்கும், கவலை வேண்டாம். துருவ நட்சத்திரமே தெரியாதபோது, வேறு நட்சத்திரம் விலகுவதைப் பார்த்து அச்சைத் திருத்தும் டிரிஃப்ட் அலைன்தான் வழி: அசிமத்துக்கு (இடவலத் திசைக்கு), வான நடுவரைக்குப் பக்கத்தில் உச்சிக்கோட்டை ஒட்டிய நட்சத்திரம், உயரத்துக்குக் கிழக்கிலோ மேற்கிலோ தாழ்ந்த நட்சத்திரம். காலிபிரேஷனையும் (திருத்தம் அனுப்பினால் நட்சத்திரம் எவ்வளவு நகர்கிறது என்று மென்பொருள் அளப்பது) நடுவரைக்கு அருகிலேயே செய்யுங்கள். மவுண்டைக் கணினியால் இயக்கும் ஈக்யூமாட் மென்பொருளைப் பயன்படுத்தினால் பல்ஸ் கைடு வேகம் (வானம் நகரும் வேகத்தில் ஒரு பங்கு) 0.1-ல் கிடக்கிறதா என்று பாருங்கள். 0.5-க்குக் குறைந்தால் நட்சத்திரம் போதுமான தூரம் நகரவில்லை என்று காலிபிரேஷன் தோற்றுப்போகலாம்.

கோடு பலகைபோல் நேராக இருந்தும் படம் இழுபட்டால்? நம் ஊர் வெப்பத்தில், குளிர்விப்பான் இல்லாத கைடு கேமராவில் ஹாட் பிக்சல்கள் (ஒளி படாமலே ஒளிரும் புள்ளிகள்) ஏராளம். மென்பொருள் அதில் ஒன்றை நட்சத்திரம் என்று பிடித்திருக்கும். அது எங்கும் நகராது, அதனால்தான் கோடு நேர். மூடியைப் போட்டு டார்க் லைப்ரரி (அந்தப் புள்ளிகளைக் கழிக்க உதவும் இருட்டுப் படங்கள்) எடுத்தால் தீரும்.

கைடிங் இயல்பாக இருந்தும் இழுபட்டால், கைடு ஸ்கோப் பிரதான குழாயோடு சேர்ந்து அசையவில்லை. டித்தரிங்கை நிறுத்தி ஒரு மணி நேரம் எடுங்கள். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நட்சத்திரங்களெல்லாம் ஒரே திசையில் நகர்ந்திருந்தால் காரணம் இதுதான். பிளாஸ்டிக் முனை ஸ்க்ரூ உள்ள வளையங்களை எடுத்துவிட்டு, குழாயை இறுக்கிப் பிடிக்கும் உலோகக் கிளாம்ப் போடுங்கள். ஃபோகஸரின் பூட்டு ஸ்க்ரூவையும் முடுக்குங்கள். தொங்கும் கேபிளை டவ்டெயிலோடு (குழாயை மவுண்டில் பொருத்தும் பட்டை) சேர்த்துக் கட்டிவிட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.