சிரிப்பு வாயுவும் எங்கள் வயலும்

போன மாதம் பாப்பாவுக்குக் கடைவாய்ப்பல் சொத்தையாகி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம். ஊசியைக் கண்டாலே நாற்காலியை விட்டு இறங்கி ஓடுகிறவள். டாக்டர் மூக்கின் மேல் சின்னதாக ஒரு மாஸ்க்கை வைத்தார், கொஞ்ச நேரத்தில் "கால் ஜிவ்வுனு இருக்குப்பா" என்று இளித்தாள். மயக்கமெல்லாம் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன், அப்புறம் தானாகவே எழுந்து நடந்துவிட்டாள்.

அந்த மாஸ்க்கில் வந்தது நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு. இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி அதைத் தானே இழுத்துப் பார்த்துவிட்டு, வலியைக் குறைக்கிறது, அறுவைக்கு உதவலாம் என்று 1800-லேயே எழுதிவிட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வேடிக்கைக் காட்சிகளில் இழுத்துச் சிரிக்கத்தான் அது பயன்பட்டது. 1844-ல் அப்படி ஒரு காட்சியில், காலில் அடிபட்டவனுக்கு வலியே தெரியாததைக் கவனித்த அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ், மறுநாளே அந்த வாயுவை இழுத்துக்கொண்டு தன் பல்லைப் பிடுங்கச் சொன்னார். நடுவில் 44 வருஷம் எத்தனை பேர் அலறியிருப்பார்கள்!

டாக்டர் கையில் இருக்கும்வரை எனக்குப் பயமில்லை. இதே வாயுவை அடைத்து, க்ரீம் அடிக்க விற்கிற குட்டிக் குப்பிகளை வாங்கி போதைக்காகத் திரும்பத் திரும்ப இழுப்பதுதான் வினை. உடம்பில் வைட்டமின் பி12-ஐ அது செயலிழக்க வைக்கும், முதுகுத்தண்டு நரம்பு கெட்டு, கால் மரத்து, நடையே தள்ளாடும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா விசாரித்தார். இதே வாயு நம் வயலிலிருந்தும் வருகிறது என்றேன்.

"அப்போ வரப்புல நிக்கற எனக்கு ஏன் சிரிப்பு வரல?"

பாப்பா இழுத்ததில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு இருந்திருக்கும், வெளிக்காற்றிலோ நூறு கோடியில் 330 பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் அந்தத் துளியே மேலே போனால் நூறு வருஷத்துக்கு மேல் தங்கி, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு சூடேற்றும், ஓசோனையும் அரிக்கும். மனிதர்களால் வருவதில் பெரும்பங்கு ஆஸ்பத்திரியிலிருந்து இல்லை, உரம், சாணம் என்று விவசாயத்திலிருந்துதான். பயிர் எடுத்ததுபோக மிஞ்சுகிற தழைச்சத்தில் (நைட்ரஜனில்) கொஞ்சத்தை மண்ணில் உள்ள பாக்டீரியா இப்படி மாற்றிவிடுகிறது. எங்கள் பக்கம் ஆழியாறு தண்ணீர் முறைவைத்து வருவதால் வயல் காய்ந்து மறுபடி நனையும், அந்த நேரத்தில் யூரியா கிடந்தால் அந்தப் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம்தான். எந்நேரமும் தண்ணீர் கட்டினால் இந்த வாயு குறையும், ஆனால் சூடேற்றுகிற இன்னொரு வாயுவான மீத்தேன் கூடும். போங்கள்!

வேப்பம் பூச்சு யூரியா இதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். 2015 முதல் நம் நாட்டு யூரியாவுக்கெல்லாம் அந்தப் பூச்சு கட்டாயம். ஆனால் பக்கத்து வயல் பச்சையைப் பார்த்து இன்னொரு அரை மூட்டையை வீசுகிற கையை எந்தப் பூச்சு தடுக்கும்? அப்பாவைத்தான் சொல்கிறேன். இந்தப் போகத்தில் இலையின் பச்சையை ஒப்பிட்டு உரம் தேவையா என்று பார்க்கிற இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துத்தான் மேலுரம் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அட்டை இன்னும் கைக்கு வரவில்லை, மூட்டை திண்ணையில் இருக்கிறது.